வடதுருவப் பனிக்கடல் வேலைக்கு மூன்றே முக்கால் லட்சமா?

கேள்வி: கேப்டன் சாருக்கு வணக்கம். எனக்குத் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர். முப்பத்தைந்து வருடம் ஆழ்கடலில் சுறாவுக்கும் சூரைக்கும் போனவன். இப்போது முழங்கால் வலியால் கரையில் இருக்கிறேன். இளைய மகன் ஜிபி ரேட்டிங் என்ற மாலுமிப் பயிற்சி படித்து, சரக்குக் கப்பலில் ஓஎஸ் (கடைநிலை டெக் மாலுமி) ஆக ஒன்பது மாதக் காண்ட்ராக்ட் ஒன்று முடித்து வந்திருக்கிறான். மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட், ஜூலை கடைசியில் சீனாவில் ஏற வேண்டும், ரஷ்யாவுக்கு வடக்கே பனிக்கடல் வழியாக மூர்மான்ஸ்க் போகிற கப்பல், இரட்டைச் சம்பளம் என்கிறார். ‘போலார் சர்டிபிகேட்’டுக்கு ஒன்றரை லட்சம், சர்வீஸ் சார்ஜ் இரண்டே கால் லட்சம் கேட்கிறார். பாதிப் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார். அந்தக் கடல் யாருடையது? எல்லை தாண்டியதாகப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா? ஏதாவது ஆகிவிட்டால் யார் வருவார்கள்? இவன் அம்மா சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகிறது. போனில் பேச முடியுமா, என்ன கொடுத்துவிட வேண்டும் என்றும் கேட்கச் சொன்னாள்.

பதில்: அன்புள்ள அண்ணாச்சி,

முதலில் வெள்ளிக்கிழமை விஷயத்தை முடித்துவிடுவோம். பணம் கட்டாதீர்கள். பாதியும் வேண்டாம், டோக்கன் அட்வான்ஸ் என்று ஐயாயிரமும் வேண்டாம்.

துருவக் கடலில் போகும் கப்பல்களுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு போட்ட விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. ‘போலார் கோட்’ என்பார்கள். 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. மாலுமிகளுக்கான பயிற்சி விதிகள் அதையொட்டி 2018 ஜூலை 1 முதல் வந்தன. அந்தப் பயிற்சிச் சான்றிதழ் யாருக்குக் கட்டாயம்? சரக்குக் கப்பலில் பனி கிடக்கும் நீரில் போகும்போது கேப்டனுக்கும் சீஃப் ஆபீசருக்கும் மேல்நிலைப் பயிற்சி வேண்டும். வாட்ச் நிற்கும், அதாவது முறைவைத்துக் கப்பலைக் கவனிக்கும், மற்ற டெக் ஆபீசர்களுக்கு அடிப்படைப் பயிற்சி வேண்டும். அவ்வளவுதான். ஓஎஸ், அதற்கு அடுத்த படியான ஏபி, சமையல்காரர், என்ஜின் ரூம் பையன்கள் யாருக்கும் அந்தச் சர்டிபிகேட் தேவை இல்லை. அவர்களுக்குத் தங்கள் வேலை சம்பந்தமான முறைகளையும் கருவிகளையும் கப்பலிலேயே சொல்லிக்கொடுத்தாக வேண்டும் என்றுதான் விதி. சொல்லிக்கொடுப்பது கப்பலின் பொறுப்பு, செலவும் அவர்களுடையது. ஆக, உங்கள் மகனுக்குத் தேவையே இல்லாத ஒரு காகிதத்துக்கு ஒன்றரை லட்சம் விலை வைத்திருக்கிறார் அந்த மனிதர். நாளை அவன் ஆபீசர் ஆகும்போது படிக்கட்டும், நல்ல படிப்புதான்.

மீதி இரண்டே கால் லட்சம் அதைவிட மோசம். கப்பல் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்பது கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதி. 2006இல் உருவான அந்த ஒப்பந்தத்தை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகமான சிடிசி, மெடிக்கல் ஆகிய செலவுகள் மட்டும்தான் நம்முடையவை. விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. நம் நாட்டில் மாலுமிகளை ஏற்றிவிடும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். ஆர்பிஎஸ்எல் நம்பர் என்பார்கள். அந்த நம்பரைக் கேளுங்கள். ‘மும்பை ஆபீசில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நம்பர் கொடுத்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். இயக்குநரகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். தூத்துக்குடியில் அந்த இயக்குநரகத்தின் கீழ் வரும் எம்எம்டி அலுவலகம் இருக்கிறது. ஒரு நாள் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாலும் நல்லதுதான். உரிமம் இல்லாதவர் மூலமாக, அதுவும் டூரிஸ்ட் விசாவில் போய்க் கப்பல் ஏறினால், பின்னால் சம்பளம் நின்றாலும் கை போனாலும் கேட்க ஆள் இருக்காது.

இரட்டைச் சம்பளம் என்பதும் கதைதான். பனிக்கடலுக்குப் போனால் இரட்டிப்புக் கொடு என்று சர்வதேச விதி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தாளில் தொகை எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இனி, அந்தக் கடல் யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். டீகோ கார்சியா தீவுப் பக்கம் எல்லை தாண்டி மீன்பிடிக்கப் போய்ப் பிடிபட்டு வந்த கதைகளை உங்கள் ஊர்ப்பக்கம் நிறையவே கேட்டிருப்பீர்கள். அதனால்தான் இந்தப் பயம் என்று புரிகிறது. ஆனால் மீன்பிடி எல்லையும் கப்பல் போகும் வழியும் ஒன்றல்ல. மீன் பிடிப்பதற்குத்தான் 200 கடல்மைல் கணக்கில் வேலி. கடந்து போகிற சரக்குக் கப்பலுக்கு அந்த நீரில் பொதுவாகத் தடை கிடையாது. பனிக்கடலில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டத்தில் 234ஆம் பிரிவு, வருடத்தின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் கடலில், கரையோர நாடு தன் 200 மைலுக்குள் மாசு தடுப்புக்காகத் தனிச் சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. இதற்கு விதை போட்டது கனடா. 1969இல் மன்ஹாட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு நடுவே பனியை உடைத்துக்கொண்டு போய்க் காட்டியது. மறுவருடமே கனடா தன் வடகடலுக்கு மாசு தடுப்புச் சட்டம் போட்டுவிட்டது. இன்று அதே 234ஐப் பிடித்துக்கொண்டுதான் ரஷ்யாவும் தன் வடகடல் வழியில் முன்அனுமதி இல்லாமல் கப்பலை விடுவதில்லை. அமெரிக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை, அது அவர்கள் சண்டை. கப்பலில் போகிறவன் அனுமதித்தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அந்த அனுமதியை வாங்க வேண்டியது கப்பல் முதலாளி. அது இல்லை என்பதற்காக உங்கள் மகனைத் தூக்கி உள்ளே வைக்கப்போவதில்லை. அவன் சிக்கலில் மாட்டக்கூடிய இடம் வேறு. வடதுருவக் கடலில் எண்ணெயோ, எண்ணெய் கலந்த தண்ணீரோ ஒரு சொட்டுகூடக் கடலில் விடக் கூடாது. நம் பக்கத்துக் கடலில் வடிகட்டிக் கொஞ்சம் விடலாம் என்ற சலுகை அங்கே கிடையாது. ‘ராத்திரி அந்த வால்வைத் திற’ என்று என்ஜின் ரூமில் யாராவது சொன்னால், திறந்தவனையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்கள். சாப்பாட்டுக் கழிவைக்கூட 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகும் அளவுக்கு அரைத்து, கரையிலிருந்தும் கரையோடு ஒட்டிய பனியிலிருந்தும் 12 மைலுக்கு அப்பால்தான் விட வேண்டும். பனியின் மேல் கொட்டவே கூடாது. துறைமுகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் போனில் படம் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். பக்கத்திலேயே கடற்படைக் கப்பல்கள் நிற்கும்.

இன்னொரு வேடிக்கை. போலார் கோட் சொல்லும் வடதுருவ நீர் பொதுவாக 60ஆவது அட்சரேகைக்கு வடக்கே. ஆனால் கோடு நேராகப் போகாது. ஐஸ்லாந்தை வெளியே விட்டு, யான் மாயன் தீவு, பேர் தீவு என்று வளைந்து, ரஷ்யாவின் கானின் முனையில் போய் முட்டும். காரணம் அட்லாண்டிக்கிலிருந்து மேலே ஏறும் வெந்நீரோட்டம். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்து வலை விட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் மூர்மான்ஸ்க் துறைமுகம் 69 டிகிரி வடக்கில் இருந்தும் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. ஐரோப்பா பக்கமாக நேரே மூர்மான்ஸ்க் போய் வரும் கப்பலுக்குப் போலார் சான்றிதழே தேவைப்படாது. சீனாவிலிருந்து வடக்கு வழியாகப் போவது என்றால் தேவை. உங்கள் ஏஜென்ட்டிடம் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

அந்த வழியில் கப்பல் போவது புதிதல்ல. 1878இல் நோர்டென்ஷோல்ட் என்பவர் வேகா என்ற நீராவிக் கப்பலில் ஐரோப்பாவிலிருந்து கிளம்பினார். பெரிங் நீரிணை இன்னும் ஒன்றிரண்டு நாள் தூரம்தான் என்ற இடத்தில், செப்டம்பர் கடைசியில், பனி பிடித்துக்கொண்டது. அங்கேயே பத்து மாதம். 1879 ஜூலையில்தான் விட்டது. ஆள் சேதம் இல்லை. அதே கப்பல் ஜப்பான், சிங்கப்பூர் வழியாகத் திரும்பும்போது இலங்கையில் காலித் துறைமுகத்தைத் தொட்டு, நம் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து சூயஸ் போனது. சாட்டிலைட் படம், அணுசக்திப் பனியுடைப்பான் எல்லாம் வந்தபிறகு இந்த ஆபத்து போய்விட்டதா என்றால், 2021 நவம்பரில் பனி முன்கூட்டியே உறைந்து, அதே கிழக்குப் பக்கத்தில் இருபது கப்பல்களுக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றன. அதனால் ஜூலை கடைசியில் ஏறுவது பரவாயில்லை. கப்பல் எந்த மாதம் அந்த நீரை விட்டு வெளியே வரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போகிறார்கள் என்றால், தூரம். ராட்டர்டாமிலிருந்து யோகோஹாமாவுக்கு சூயஸ் வழியாகச் சுமார் 11,200 கடல்மைல். வடக்கு வழியில் சுமார் 7,300.

யார் வருவார்கள் என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் வடதுருவ நாடுகள் எட்டும் நூக் நகரில் உட்கார்ந்து, தேடுதல் மீட்புக்குக் கடலைப் பங்கு பிரித்துக்கொண்டன. உங்கள் மகன் போகும் வழியில் பொறுப்பு ரஷ்யாவுடையது. ஆனால் பொறுப்பு வேறு, தூரம் வேறு. போலார் கோடே, மீட்பு வந்து சேரக் குறைந்தது ஐந்து நாள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் உயிர்காக்கும் பொருள்களை ஏற்றச் சொல்கிறது. 2017 ஒக்கிப் புயலில், கரையில் நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நாள் என்றால் என்ன என்று தெரியும். அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கப்பலில் மூடிய உயிர்காப்புப் படகு இருக்கும், தலைக்கு ஒன்று வீதம் குளிர் தாங்கும் மிதவை உடை இருக்கும், ஐந்து நாளுக்கான உணவும் நீரும் இருக்கும். கப்பல் விதிப்படி ஓடும் கப்பலாக இருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் என் கவலை. அவனிடம் கப்பலின் ஐஎம்ஓ நம்பரைக் கேட்கச் சொல்லுங்கள். ஏழு இலக்கம். பெயர் மாறும், கொடி (பதிவு செய்த நாடு) மாறும், முதலாளி மாறுவான், அந்த நம்பர் மட்டும் கப்பலை உடைக்கும்வரை மாறாது. எக்வாசிஸ் என்ற இணையதளத்தில் காசில்லாமல் போட்டுப் பார்க்கலாம். வயது, கொடி, துறைமுகங்களில் பிடித்து நிறுத்தப்பட்ட கணக்கு எல்லாம் வரும். ஒரு வருடத்தில் மூன்று கொடி மாற்றியிருந்தால் ஆளை அனுப்பாதீர்கள். ரஷ்யாவின் வடக்கே ஓடும் கப்பல்களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டவை இருக்கின்றன. 2023 நவம்பரில் ‘ஆர்க்டிக் எல்என்ஜி 2’ என்ற எரிவாயுத் திட்டத்தின் மீது அமெரிக்கா தடை போட்டது. அதன் சரக்கை ஏற்றிய கப்பல்கள் மீதும் பின்னால் தடை வந்தது. தடை விழுந்த கப்பலுக்கு நல்ல காப்பீடு நிற்காது, பல துறைமுகங்கள் கதவைத் திறக்காது, சம்பளம் அனுப்பும் பேங்க் கையை விரிக்கும். நடுவில் மாட்டுவது ஓஎஸ்.

கப்பலைப் பற்றி வேறு இரண்டு தாள் கேளுங்கள். போலார் கப்பல் சான்றிதழில் ஏ, பி, சி என்று வகை போட்டிருக்கும். ஏ கனத்த பனிக்கு, பி மெல்லிய பனிக்கு, சி பனி குறைந்த திறந்த நீருக்கு. சி வகைக் கப்பலை அக்டோபர் கடைசியில் அங்கே நிறுத்துவதாகத் திட்டம் இருந்தால், வேலையே வேண்டாம். அடுத்தது காப்பீட்டுத் தாள். முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டால் நான்கு மாதம் வரை சம்பளமும், சாப்பாடும், ஊர் திரும்ப டிக்கெட்டும் கொடுக்க வேண்டிய காப்பீடு அது. சான்றைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும். ஏறிய முதல் நாளே அதை போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

குளிர் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கடலோடிக்குத் தெரிய வேண்டியது இது. நான் சீஃப் ஆபீசராக இருந்தபோது ஸ்வால்பார்டு தீவில், ஸ்வேயா என்ற இடத்தில் நிலக்கரி ஏற்றியிருக்கிறேன். 1920இல் போட்ட ஒரு உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்ந்திருந்ததால், அந்தத் தீவில் இந்தியருக்கும் தொழில் செய்யும் உரிமை உண்டு. நம் விஞ்ஞானிகளின் ஹிமாத்ரி நிலையம்கூட 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. அது கிடக்கட்டும். ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பும்போது எதிர்க்காற்று. நம் கச்சான் காற்றுக் காலத்தில் முன்பக்கம் அலை அடித்துத் தெறிக்குமே, அதே தெறிப்புதான். ஆனால் தெறித்த தண்ணீர் கீழே விழவில்லை. நங்கூர எந்திரத்தில், கைப்பிடிக் கம்பியில், ஏணியில் பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. விரல் தடிமனாக இருந்த கம்பி காலைக்குள் தொடை தடிமன். எங்கள் போசன், அதாவது டெக் மாலுமிகளின் தலைவர், முட்டத்துக்காரர், பழைய ஆட்கள் அவரைச் செராங் என்றுதான் கூப்பிடுவார்கள். மரச் சுத்தியலோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டித் தட்டிக் கடலில் தள்ளினார். இரும்புச் சுத்தியல் ஆகாது, பெயின்ட்டும் குழாயும் போய்விடும். அழகுக்காகத் தட்டுவதில்லை அண்ணாச்சி. திறந்த தளத்தில் சதுர மீட்டருக்கு 30 கிலோ பனி ஏறும் என்று வைத்துத்தான் கப்பலின் நிலைப்புக் கணக்கே போட வேண்டும் என்கிறது கோட். நூறு மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் என்றால் 60 டன், அதுவும் உச்சியில். தலை கனத்த வள்ளம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் பயந்தது வேறொன்றுக்கு. கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் பலாஸ்ட் டாங்கின் காற்றுக்குழாய் வாயைப் பனி அடைத்திருந்தது. அது தெரியாமல் பம்ப்பைப் போட்டிருந்தால் உள்ளே காற்று போக வழியில்லாமல் டாங்கே உள்வாங்கியிருக்கும். போசன்தான் தட்டிப் பார்த்துச் சொன்னார். உங்கள் மகன் அங்கே போனால் அவனுக்கு வரும் வேலை இதுதான். பனி தட்டுவது, குழாய் வாய் பார்ப்பது, தீயணைப்புக் குழாயில் தண்ணீர் தேங்காமல் வடிப்பது. வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது, தோல் அதோடு வந்துவிடும். நனைந்த கையுறையை உடனே மாற்ற வேண்டும்.

போன் விஷயம். கப்பல்களில் வழக்கமாக இருக்கும் சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பது. 75, 76 டிகிரிக்கு வடக்கே போனால் அது அடிவானத்தோடு ஒட்டிப் போய்விடும், சிக்னலை நம்ப முடியாது. அந்த வழியில் செல்யூஸ்கின் முனை 77 டிகிரிக்கு மேல். அங்கே கடக்கும்போது, கப்பலில் வேறு வகை சாட்டிலைட் இல்லையென்றால், ஒன்றிரண்டு நாள் போன் வராது. பனி அடர்த்தி என்றால் இன்னும் கூடும். அதை முன்பே அவன் அம்மாவிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.

என் யோசனை இதுதான். இந்த ஏஜென்ட்டை விடுங்கள். மகன் உரிமம் உள்ள கம்பெனிகளில் சாதாரண வழியில் இரண்டாவது காண்ட்ராக்ட் போகட்டும், வாட்ச்கீப்பிங் முடித்து ஏபி ஆகட்டும். பனிக்கடல் ஆசை உண்மையிலேயே இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி நிலையங்களை நடத்துகிறது. சமையல், வெல்டிங், மெக்கானிக் வேலைகளுக்கு ஆள் எடுக்க விளம்பரம் போடுவார்கள். அங்கே 2022ஆம் ஆண்டின் இந்திய அண்டார்டிகா சட்டம் பொருந்தும். ஒரு பெங்குவினைத் துரத்தினாலும் விளக்கம் சொல்ல வேண்டும். ஆனால் சம்பளமும் திரும்பி வருவதும் அரசு பொறுப்பு.

ஒருவேளை நல்ல கம்பெனி, நல்ல கப்பல், காசு கேட்காத ஏஜென்ட் அமைந்து அவன் வடக்கே போவதாக இருந்தால், அம்மா என்ன கொடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கனத்த ஜாக்கெட்டும் பூட்ஸும் கப்பலிலேயே கொடுக்க வேண்டும், வாங்காதீர்கள். உள்ளே போட மெல்லிய கம்பளிக் கையுறை நான்கு ஜோடி, கம்பளிக் காலுறை ஆறு ஜோடி, காதை மூடும் குல்லா ஒன்று, உதட்டுக்குத் தடவ வாசலின். பருத்திப் பனியன் வேர்வையில் நனைந்தால் உடம்பைக் குளிரவைத்துவிடும், குறைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் கட்டாயம் வைப்பார் என்று தெரியும். பாட்டிலில் வேண்டாம், நம் ஊர் மார்கழிக் காலையிலேயே வாயில் அடைத்துக்கொள்ளும் சாமான் அது. வாய் அகன்ற டப்பாவில் கொடுத்துவிடச் சொல்லுங்கள், ஸ்பூனால் தோண்டி எடுத்துக்கொள்வான்.